பதினோராவது தோட்டாவும் இரண்டாவது சத்தமும்

நான் அரசாங்கத்துக்கு இதுவரை ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் எழுபத்து மூன்று வருஷம் எழுதாமல் நன்றாகத்தான் இருந்தேன். வண்டி லைசென்ஸ், வரிக் காகிதம் எல்லாம் என் பெண்டாட்டி ஓர்லீன் நிரப்புவாள். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அப்புறம் கல்குவாரியில் புல்டோசர் ஓட்டினேன். நாமாகப் போய் வாயைத் திறக்காத வரைக்கும் அரசாங்கத்துக்கு நம்மைத் தெரியாது. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

என் மச்சினன் வெர்லின் சிஸ்க் வேறு ரகம். ஓர்லீனுடைய தம்பி. தாய் இல்லாத பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவன். மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் மரியாதையாக ஒரு பதில் வரும் என்று இந்த மிசௌரி மலைப்பக்கத்தில் நம்பிக்கொண்டிருந்த கடைசி ஆள் அவன்தான். அறுபத்தேழு வயது. நெஞ்சில் கோளாறு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பெண்டாட்டி செத்த பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான். ஓர்லீன் சமைப்பாள், மூன்று பேரும் சாப்பிடுவோம்.

அந்த டிரெய்லரில் உட்கார்ந்துதான் அவன் பெல்ட் துப்பாக்கியைச் செய்தான்.

இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண ரைபிள்தான். அதில் தோட்டா அடைத்த டப்பாவைக் கீழே செருகிச் சுடுவோம். அந்த டப்பாவுக்குப் பதிலாக, மாலை மாதிரி கோத்த தோட்டாப் பெல்ட் பக்கவாட்டில் நுழைந்து ஓடுகிற மாதிரி மேல்பாகத்தை மாற்றுவதற்குச் சாமான் விற்கிறார்கள். சட்டப்படி தப்பில்லை. தோட்டா டப்பாவில் இருந்து போனாலும் பெல்ட்டில் இருந்து போனாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா போக வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு இழுப்புக்கு இரண்டு போனால் அது மெஷின் கன். பத்து வருஷம் உள்ளே.

தப்பில்லை, சரி. பிரயோஜனம் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு மான் சுட முடியாது. தூக்கிக்கொண்டு நடந்தால் கழுத்து இறங்கிவிடும். ஓர்லீன் சமையலறை மேசையில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு வாரம் கோத்த பெல்ட் நல்லபடியாக ஓடினால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஓடினால். மூன்று வருஷத்தில் அது ஒரு நாளும் ஓடியதில்லை. நாலாவது தோட்டாவில் நிற்கும், ஆறாவதில் நிற்கும். பெல்ட் பாம்பு மாதிரி இழுபடும் என்பதால் ஒருத்தர் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. வெர்லின் சுடுவான், நான் பிடிப்பேன், அது சிக்கிக்கொள்ளும், அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான்.

ஏப்ரல் மாதம் முதல் சனிக்கிழமை பழைய குவாரியில் எல்லாரும் கூடிச் சுடுவது எங்கள் வழக்கம். உடைந்த வாஷிங் மெஷின் ஒன்றை நடுவில் வைப்போம். வெர்லின் துப்பாக்கி எத்தனாவது தோட்டாவில் நிற்கும் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். சரியாகச் சொன்னவனுக்கு ஓர்லீன் அடுப்பில் சுட்ட ருபார்ப் பை என்கிற இனிப்புப் பலகாரம். முதல் இரண்டு வருஷமும் கோழிப்பண்ணை டெல்பர்ட்தான் அதைத் தின்றான்.

"அஞ்சு!" என்பான் டெல்பர்ட். "வெர்லின், உன் துப்பாக்கிய எனக்குக் குடுத்துடுப்பா. வேலிக்குக் கம்பா நட்டுக்கறேன்."

"இந்தத் தடவ ஓடும் பாரு," என்பான் வெர்லின்.

மூன்றாவது வருஷம், அதாவது போன ஏப்ரலில், பதினொன்று ஓடியது. அதுவே எங்கள் ஊர்ச் சாதனை. பன்னிரண்டில் சிக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். டெல்பர்ட்டுக்குப் பலகாரம் கிடைக்கவில்லை. ஆனால் வெர்லின் முகம் வெளுத்திருந்தது.

"மாமா, கேட்டியா? கடைசி இழுப்புக்கு ரெண்டு சத்தம்."

"எதிரொலி மாப்ளே. குவாரிச் சுவரு அது. நான் முப்பது வருஷம் அந்தச் சுவத்துக்கிட்டதான் வேல பாத்தேன். நீ தும்மினாக்கூட ரெண்டு தடவ தும்மும்."

"போன வருஷம் கேக்கலையே."

"போன வருஷம் உனக்கு என்னதான் கேட்டுச்சு?"

அந்த மார்ச்சில்தான் அவனுக்குக் காது மெஷின் மாட்டியிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் தபால் பிரிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று போன காது. புது மெஷினோடு அவன் குவாரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காலித் தோட்டாக்களை எண்ணிப் பார்க்கலாம் என்றால், அங்கே இருபது வருஷக் காலித் தோட்டா சரளைக்கல்லோடு கலந்து கிடக்கிறது. இன்னொரு தடவை சுட்டுப் பார் என்றேன். மாட்டேன் என்றான்.

"அது மெஷின் கன்னா இருந்தா, தெரிஞ்சே சுடுறது குத்தமாயிடும் மாமா."

அப்புறம்தான் எங்கள் ஊரில் குடிகாரன்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தான். கேட்டு எழுதினான்.

ஆயுத வகைப்பாட்டு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, ஒன்பது மணி நேரத் தூரத்தில். எது துப்பாக்கி, எது துப்பாக்கி இல்லை என்று சொல்வதற்கு நானூறு பேர். அவர்களுக்கு வெர்லின் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான், தபாலில் போட்ட பிறகு.

"ஐயா, ஏப்ரல் முதல் சனிக்கிழமை எங்கள் ஊர்க் கல்குவாரியில் என் துப்பாக்கியின் விசையை ஒரு தடவை இழுத்தேன். இரண்டு சத்தம் கேட்டது. எதிரொலியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் என்ன செய்ய வேண்டும் என்று அன்புடன் தெரிவிக்கவும். வெர்லின் சிஸ்க், தபால் துறை (ஓய்வு)."

டெல்பர்ட்டிடம் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில்தான் கழற்றுவான்.

"கேட்டானா? அவனாவே கேட்டானா?"

"முத்திரை ஒட்டி."

"அய்யோ பாவம்," என்றான் டெல்பர்ட்.

ஜூன் மாதம் பதில் வந்தது. வெர்லினுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. உறை நல்ல காகிதம் என்றான். உள்ளே இருந்தது இது: "தாங்கள் குறிப்பிட்ட பொருள் தாங்கள் சந்தேகிக்கும் பொருளாக இருப்பின், அதை இருக்கும் இடத்தை விட்டு நகர்த்துவது குற்றம். அப்பொருளை உடனே எங்களுக்கு அனுப்பி வைக்கவும்."

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நகர்த்தாம எப்படி மாமா அனுப்புறது?" என்று என்னைக் கேட்டான். நான் புல்டோசர் ஓட்டியவன். நகர்த்தாமல் எதையும் அனுப்பியதில்லை.

அவர்களே வந்தார்கள், நாலு வண்டியில். எங்கள் வீட்டுக்கு வருகிற ரோடு குவாரியை ஒட்டித்தான் வரும். எனக்கு எட்டு வண்டி வருகிற மாதிரி கேட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள், ஓர்லீன் பெல்ட் கோக்கிற கைமெஷினை எடுத்துக்கொண்டார்கள், குவாரியில் கிடந்த வாஷிங் மெஷினையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு உடம்பெல்லாம் ஓட்டை, பாதிக்கப்பட்ட தரப்பாக இருக்கலாம் என்றார்கள்.

சத்தத்தை அளக்க ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள் ஒரு பெண். ரீஸ் என்று பெயர். அந்த அலுவலகத்தின் தொழில்நுட்ப ஆள். குவாரியில் பெட்டியை வைத்தாள். கோட்னி என்கிற ஏஜெண்டிடம் ஒரே ஒரு தடவை சுடச் சொன்னாள். கோட்னி தன் இடுப்புக் கைத்துப்பாக்கியால் சுவரைப் பார்த்து ஒரு தடவை சுட்டார்.

ரீஸ் பெட்டியைப் பார்த்தாள். கோட்னியைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு," என்றாள்.

"நான் ஒண்ணுதான் சுட்டேன்," என்றார் கோட்னி.

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

"எம்மா, அது சுவரும்மா!" என்றேன் நான்.

"சுவரை வகைப்படுத்துற அதிகாரம் எங்களுக்கு இல்லை சார். துப்பாக்கியைத்தான் வகைப்படுத்த முடியும். பெட்டி என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும்."

கோட்னியின் துப்பாக்கியை ஒரு பையில் போட்டு, சீல் வைத்து, அவரிடமே ரசீது கொடுத்தார்கள். காலி உறையைத் தடவிக்கொண்டே வண்டியில் ஏறினார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. வெர்லின் சிரிக்கவில்லை. ஒரு அதிகாரிக்கே இப்படி என்றால் நடுநிலையாகத்தான் நடத்துகிறார்கள் என்று ஓர்லீனிடம் சொன்னான்.

அக்டோபரில் அழைப்பு வந்தது. ஹோபர்ட் டீக் என்று பெயர் போட்டு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், பெல்ட் பிடிக்கிறவன் என்பதால். ஓர்லீன் பிஸ்கட்டும் பன்றித் தொடைக்கறியும் கட்டிக்கொடுத்தாள். வண்டி ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்தாள்.

"இந்தாய்யா, அவன் வாயைத் திறந்தான்னா நீ மூடு. அவனை முழுசாக் கூட்டிக்கிட்டு வா. உள்ள போட்டாங்கன்னா அவன் நெஞ்சு ஒரு குளிர்காலம் தாங்காது."

"கூட்டிக்கிட்டு வரேன்," என்றேன்.

அந்த அலுவலக வாசலில் கோட்னி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அதே காலி உறை. வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. "இன்னும் பரிசீலனையில இருக்கு," என்றார், நாங்கள் கேட்காமலே. உள்ளே நீளமான அலமாரி. ஒவ்வொன்றிலும் அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துப்பாக்கிகள் இருந்தன, சரி. ஒரு கதவுக் கீல் இருந்தது, ஒரு மீன்தூண்டில் சக்கரம் இருந்தது, அரைப்படி காய்ந்த மொச்சைப்பயறு இருந்தது. மூன்றும் மெஷின் கன் என்று எழுதியிருந்தது. மொச்சைப்பயறுக்கு நேராக மட்டும் "மேல்முறையீட்டில்" என்று போட்டிருந்தது.

தலைவர் பெயர் வின்ஸ்லோ ஹார்க்னெஸ். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எழுந்து நின்று வெர்லின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிஸ்டர் சிஸ்க், உங்களை நேர்ல பாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். இந்த நாட்டுல கோடிக்கணக்குல துப்பாக்கி இருக்கு. அதுல பெரும்பாலானதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. யார் வச்சிருக்காங்க, என்ன பண்றாங்க, எதுவும் தெரியாது. ஆனா உங்களோடதைப் பத்தித் தெரியும். ஏன்? நீங்க சொன்னீங்க. நேர்மையான குடிமகன்னு ஒருத்தர் கிடைச்சா அவரை நாங்க விடவே மாட்டோம்."

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "நன்றிங்க," என்றான்.

"இப்ப ஒரு சின்னச் சிக்கல். உங்க துப்பாக்கியை நாப்பத்தோரு நாளா சோதிக்கிறோம். ஓட மாட்டேங்குது. பெல்ட்டை மேசையில போட்டுச் சுடுறோம், மூணுல நிக்குது, அஞ்சுல நிக்குது. ஒழுங்காச் சுடாத துப்பாக்கி ரெண்டு தடவை சுடலைன்னு நாங்க எப்படி நிரூபிக்கறது? பொதுமக்களை இப்படி ஒரு சந்தேகத்துல விட முடியாது. நீங்களே வந்து ஓட வச்சுக் காட்டணும்."

"ஓடலேன்னா?" என்று நான் கேட்டேன்.

"சாட்சியத்தைக் கெடுத்த குற்றம். அஞ்சு வருஷம்."

"ஓடி, ரெண்டு ரெண்டாச் சுட்டா?"

"பத்து. ஆனா அப்ப எங்களுக்கு ஒரு தெளிவு கிடைச்சிடும், மிஸ்டர் டீக். தெளிவுதான் எங்களுக்கு முக்கியம்."

நடைபாதையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வெர்லினை நிறுத்தினேன். அவனுக்கு மூச்சு இரைத்தது.

"மாப்ளே, சொல்றதக் கேளு. சிக்கிக்கிட்டே இருக்கட்டும். வயசாயிடுச்சு, கை நடுங்குது, மறந்துபோச்சுன்னு சொல்லிடு. இன்னி வரைக்கும் உன்னக் காப்பாத்துனது அது ஓடாம இருந்ததுதான்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உங்கக்காவ நினைச்சுப் பாருன்னு சொல்றேன்."

அவன் காது மெஷினைச் சரி பண்ணினான். "உள்ள பாத்தியா மாமா? அந்தச் சோதனை ரூமுச் சுவரெல்லாம் பஞ்சு. அங்க எதிரொலியே கிடையாது. அன்னிக்கு நான் கேட்டது நெசமா இல்லையான்னு இந்த உலகத்துல அங்க ஒரு எடத்துலதான் தெரியும். எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு?"

"தெரியாம எப்படி மாமா இருக்கறது?"

அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. உள்ளே போனோம். மேசையில் துப்பாக்கி இருந்தது. நூறு தோட்டா கோத்த பெல்ட் பளபளவென்று கிடந்தது, அரசாங்கத் தோட்டா. கண்ணாடிக்குப் பின்னால் இருபது பேர். நான் வழக்கம்போல மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பெல்ட்டைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். மூன்று வருஷமாக அப்படித்தான் பிடிக்கிறேன். புல்டோசரில் சங்கிலி பிடித்துப் பழகிய கை.

"சார், நிக்கக் கூடாது," என்றாள் ரீஸ். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். "பாதுகாப்பு விதி ஒன்பது. துணை ஆள் உட்கார்ந்திருக்கணும்."

ஒரு முக்காலியைப் போட்டாள். உட்கார்ந்தேன். கை இறங்கியது. பெல்ட் என் மடியில் இருந்து வளையாமல் நெளியாமல் துப்பாக்கிக்குள் நேராகப் போனது.

வெர்லின் விசையை இழுத்தான். ஒரு சத்தம். பஞ்சுச் சுவர் அதை விழுங்கியது. இழுத்தான். ஒன்று. இழுத்தான். ஒன்று. ஐந்து வந்தது, டெல்பர்ட்டின் எண், தாண்டியது. பதினொன்று. பன்னிரண்டு போனது. வெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி இழுத்தான். இருபது, முப்பது. ஓர்லீனுடைய தையல் மெஷின் மாதிரி, ஒரு இழுப்புக்கு ஒன்று, ஒரு இழுப்புக்கு ஒன்று. அறுபதில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் வாய் அசைத்து எண்ண ஆரம்பித்தார்கள். தொண்ணூறில் ரீஸ் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நூறாவது போனதும் அந்த இருபது பேரும் கை தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள்.

"எதிரொலி மாமா!" என்றான் வெர்லின். முகமெல்லாம் தண்ணீர். "அது எதிரொலிதான்! நூறும் ஓடிருச்சு! என்னாச்சு, எப்படி ஓடுச்சு?"

சொல்லிவிட்டு அவனே என் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மடியில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. துப்பாக்கியில் ஒரு நாளும் கோளாறே இருந்ததில்லை. மூன்று வருஷமாக நான்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன்.

ஹார்க்னெஸ் அறையில் எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். நல்ல காபி. ஹார்க்னெஸ் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"வாழ்த்துகள் மிஸ்டர் சிஸ்க். ஒரு இழுப்புக்கு ரெண்டு தோட்டாங்கற புகாரை நாங்க முழுசாத் தள்ளுபடி பண்றோம். உங்க துப்பாக்கி சுத்தம்." வெர்லின் எழப் போனான். "உட்காருங்க. அது எங்களுக்கு வந்த துப்பாக்கி. அது ஓடாது. இன்னிக்கு ஓடினது வேற துப்பாக்கி. ஓடாததும் ஓடுறதும் எப்படி ஒண்ணா இருக்கும்? ஆக, இன்னிக்கு மத்தியானம், இந்தக் கட்டிடத்துக்குள்ள, ஒருத்தர் புதுசா ஒண்ணைச் செஞ்சிருக்கார். அனுமதி கேக்காம."

"அதுவும் ஒரு இழுப்புக்கு ஒண்ணுதானே சுட்டுச்சு!" என்றேன்.

"தோட்டா ஒண்ணு. ஆள் ரெண்டு. இவர் இழுக்குறார், நீங்க புடிக்கிறீங்க. ஒரு இழுப்புக்கு ஒண்ணுக்கு மேலன்னு சட்டத்துல இருக்கு. ஒண்ணுக்கு மேல எதுன்னு விளக்கமா இல்லை. விளக்கம் இல்லாத இடத்துலதான் மிஸ்டர் டீக், நாங்க நாட்டுக்குச் சேவை செய்யறோம்."

"முக்காலியில உக்காரச் சொன்னது உங்க விதி. உக்காந்ததாலதான் ஓடுச்சு."

"விதி எதையும் செய்யாது. மனுஷங்கதான் செய்வாங்க." பேனாவைத் திறந்தார். "பெல்ட்டோட உயரத்தை மாத்தினது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். இதற்குத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் வெர்லின் என் காலை மிதித்தான். நெஞ்சுக் கோளாறுக்காரனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நான்தாங்க," என்றான் வெர்லின். "கீழ புடின்னு நான்தான் சொன்னேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா செய்வாரு." அவன் வாயில் இருந்து நான் கேட்ட முதல் பொய். பிறகு என் பக்கம் குனிந்து, "அக்காவுக்கு ஒரு ஆளாவது வேணும் மாமா," என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். எழுபத்து மூன்று வருஷப் பழக்கம், சுலபமாக மூடிக்கொண்டது.

பிறகு கோர்ட்டில் அறிக்கையை வாசித்தார்கள். அதில் என் பெயர் இல்லை. மாற்றுச் சாமான்களின் பட்டியலில் பதினான்காவதாக, "பெல்ட் தாங்கி, ஒன்று (உயிருள்ளது)" என்று இருந்தது. அது நான். சாமான்மேல் வழக்குப் போட முடியாது, செய்தவன்மேல்தான் முடியும் என்று நீதிபதியிடம் ஹார்க்னெஸ் விளக்கினார். வெர்லினுக்கு முப்பது மாதம். அவனாகவே முன்வந்து எழுதியதைக் கருத்தில் கொண்டு இரக்கம் காட்டியிருப்பதாகச் சொன்னார்கள். காது மெஷினை உள்ளே அனுமதிக்கவில்லை. அதில் பேட்டரி இருந்ததாம்.

ஓர்லீன் என்னைக் கேட்டது ஒன்றுதான். "நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"அப்புறம்?"

மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன்.

இந்த வருஷம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை குவாரிக்கு நாலு பேர்தான் வந்தார்கள். நடுவில் வைக்க வாஷிங் மெஷின் இல்லை. டெல்பர்ட் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். "அஞ்சுன்னு சொல்லிச் சொல்லி நாந்தான் அவனக் கிண்டல் பண்ணேன்," என்றான். யாரும் சுடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெர்லின் ஜெயிலில் இருந்து கூப்பிட்டான். குரல் மெலிந்திருந்தது. நடுநடுவே இருமினான். நான் சொல்வது அவனுக்குப் பாதிதான் கேட்டது.

"மாமா, நூறு ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு மாப்ளே."

"இங்க சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்." மறுபடி இருமினான். "நீ எதுவும் எழுதிக்கிழிச்சிடாத. கேட்டியா? எழுதாத."

அவன் சொல்லித்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது. ஓர்லீன் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவள் டப்பாவில் இருந்து காகிதமும் முத்திரையும் எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. "ஐயா, பெல்ட்டைக் கீழே பிடித்தது என் கை. வெர்லின் சொல்லிப் பிடிக்கவில்லை. உங்கள் முக்காலியில் உட்கார்ந்ததால் பிடித்தேன். மூன்று வருஷம் தூக்கிப் பிடித்ததும் நான்தான். அவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளவும். ஹோபர்ட் டீக்." தபால் பெட்டி மூடி விழுந்ததும் அதைத் திறந்து உள்ளே கை விடலாமா என்று பார்த்தேன். கை நுழையவில்லை.

பதில் இன்றைக்குக் காலையில் வந்தது. எங்கள் வீட்டில் அரசாங்கக் காகிதத்தைப் பிரிப்பது ஓர்லீன். பிரித்தாள். நின்றபடியே வாசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மறுபடி வாசித்தாள். அப்புறம் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"பெல்ட்டைக் கீழே பிடித்தது தங்கள் கைகளே, சிஸ்க் சொல்லி அல்ல என்ற தங்கள் கடிதம் கிடைத்தது. முடிவான வழக்கை மாற்ற இயலாது. ஆயினும், சாதாரண ரைபிளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக மாற்றும் சாமான் இரண்டு (இடது கை, வலது கை) தங்கள் வசம் பதிவின்றி இருப்பதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். அவற்றை இருக்கும் இடத்தை விட்டு நகர்த்துவது குற்றம். அவற்றை உடனே எங்களுக்கு அனுப்பி வைக்கவும்."

கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். என் கைகளும் மேசையில்தான் இருந்தன. அவற்றையே பார்த்தாள். அவள் தம்பி கைகள் வேறு மாதிரி இருக்கும், காகிதம் பிரிக்கிற கை, மெல்லிய விரல்.

"அவன் சொல்லவே இல்லையே எங்கிட்ட," என்றாள். "நீயும் சொல்லல."

"சொல்லல."

"இத்தனை மாசம் என் எதிர்ல உக்காந்து சோறு தின்னுருக்க. இந்தக் கையால."

எழுந்து போய் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பீன்ஸும் சோள ரொட்டியும் ஒரு தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு வெளியே போய் வெர்லினுடைய டிரெய்லரைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது. என் கைகள் அதன் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சாப்பிட எடுத்தால் நகர்த்தியதாகிவிடும். அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வந்தால் குவாரி ரோட்டில்தான் வர வேண்டும். எட்டு வண்டி வருகிற சத்தம் கேட்டால் நாலு என்று எடுத்துக்கொள்வேன்.